அத்தை மூச்சு விடப் பழகிய டிசம்பர்

போன கிழமை கிளினிக்கில் பிரஷர் பார்த்த அந்தத் தாதிப் பிள்ளை, நம்ம பேத்தி வயதுதான் இருக்கும், என் கையில் பட்டியைச் சுற்றிக்கொண்டே, "அம்மா, மூச்சை மெதுவா இழுத்து நீளமா வெளிய விடுங்க. இப்ப புதுசா வந்திருக்கிற பயிற்சி. பதட்டம் குறையும், செய்யிற வேலையும் நல்லா வரும்" என்றாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்ததில் பிரஷர் ஏறிப்போய், இன்னொரு தரம் வாங்கில் உட்காரவைத்துவிட்டாள். உங்களில் பாதிப்பேர் அதே வாங்கில்தான் வரிசையாக இருந்தீர்கள். "என்னடி, கிழவிக்கு இப்படி ஒரு சிரிப்பு?" என்று கேட்டீர்கள். மருந்துத் துண்டை வைத்துக்கொண்டு நின்றபடி சொல்லி முடிக்கிற சமாச்சாரமா அது? உட்கார்ந்து கேளுங்கள், இப்போது சொல்கிறேன்.

புதுசாம்! அந்தப் பயிற்சியை நான் கோச்சிக்கு, அதுதான் ரயிலுக்கு, நிலக்கரி அள்ளிப்போட்ட காலத்திலேயே பார்த்துவிட்டேன். பார்த்தது என்ன, அதற்காக ஊர்ப் பட்டத்தையே இழந்தவள் நான்.

எங்கள் வீடு கடுகண்ணாவைக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டேஷனின் குவாட்டர்ஸ். அப்பா சிக்னல்காரர். நானும் அண்ணனும் காலைக் கோச்சியில் கண்டிக்குப் பள்ளிக்கூடம் போவோம். அந்தப் பக்கம் வந்துபோனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஏற்றத்தில் முன்னால் ஒரு எஞ்சின் இழுக்க, பின்னால் இன்னொன்று முட்டித் தள்ளும். சுரங்கம் கிட்ட வந்தால் முன் எஞ்சின் கூவும். "ஜன்னல்! ஜன்னலச் சாத்து!" என்று பெட்டி முழுக்கச் சத்தம். பலகையை இழுத்து மூடுவதற்குள் புகை உள்ளே வந்து, அம்மா நீலம் போட்டு வெளுத்த சட்டையில் சட்டமாக உட்கார்ந்துவிடும். மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சி கறுப்பு.

அதனால் வந்த விளையாட்டு ஒன்று எங்களுக்கு உண்டு. சுரங்கத்தின் வாயில் மூச்சைப் பிடிக்கவேண்டும். மறுபக்கம் வெளிச்சம் வந்தால்தான் விடவேண்டும். கடைசிவரை பிடித்தவர் மனதில் நினைத்தது நடக்கும். இடையில் விட்டவர் 'புகை குடிச்சவர்'. கண்டி போய்ச் சேரும்வரை அவருக்கு வேறு பெயர் கிடையாது. கன்னம் உப்பி, கண் பிதுங்கி, கழுத்து நரம்பு புடைத்து, ஒரு பெட்டி பிள்ளைகளும் அப்படியே உட்கார்ந்திருப்போம். நான் ஒருநாளும் புகை குடித்ததில்லை; அதுதான் என் ஊர்ப் பட்டம். பெருமைக்குச் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான்.

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவள் என் அத்தை. அப்பாவின் தங்கை. அவளும் அதே குவாட்டர்ஸில், அதே கோச்சியில் வளர்ந்தவள்தான்.

அத்தையைக் கட்டிக்கொடுத்தது கடுகண்ணாவை டவுனுக்கு. மாமா ஹயர் கார்க்காரர், வாடகைக்கு ஓட்டுகிறவர். கார் என்றால் இப்போது ஓடுகிற தகரப் பெட்டி மாதிரி இல்லை. கறுப்பாக, கனமாக, முன்னால் கம்பியை விட்டுச் சுழற்றினால் ஒரு முக்கு முக்கிவிட்டுத்தான் எழும்பும். ஊரே அதை 'எருமை' என்றுதான் கூப்பிட்டது. "எருமை நிக்குதா?" என்று வாசலில் யாராவது கேட்டால், மாமா, "ஆளச் சொல்றியா, வண்டியச் சொல்றியா?" என்பார். உள்ளே பெற்றோல் வாசமும், சாய்ந்து சாய்ந்து தோல் சீட்டில் ஏறின தேங்காயெண்ணெய் வாசமும் கலந்து இருக்கும். பின் சீட்டில் எப்போதும் ஒரு கம்பளி மடித்தபடி கிடக்கும். அது எதற்கென்று சின்ன வயதில் எங்களுக்குத் தெரியாது. கார் பெரும்பாலும் போனது பிரசவத்துக்கு. சுற்றுவட்டத்தில் எந்த வீட்டில் வலி கண்டாலும் எருமைதான் கண்டி ஆஸ்பத்திரிக்கு. மாமா ஓட்ட, அத்தை பின்னால் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு போவாள். பிள்ளை இல்லாத அத்தை. எத்தனை பெண்கள் வலியில் நெரித்து அவள் வளையலை உடைத்தார்களோ! "கண்ணாடி வளையல் போடக்கூடாதுன்னு இப்பதான் புத்தி வந்துச்சு" என்பாள்; அடுத்த தேருக்கு மறுபடி கண்ணாடி வளையல்தான் வாங்குவாள்.

அந்த வருஷம் மாமாவின் இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. முற்றினால்தான் வெட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எருமை கொட்டிலில் ஏறிப் படுத்தது. ஒருநாள் பள்ளத்துப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பலாக்காய் மூட்டைகளுக்கு நடுவில் அவளைச் சாய்த்து, மேலே ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டு. அத்தை வாசலில் நின்று லொறி வளைவு திரும்பும்வரை பார்த்தாள். பிறகு உள்ளே வந்து மாமாவிடம், "நான் ஓட்டுறேன்" என்றாள்.

"எத?"

"எருமைய."

மாமா சிரித்தார். அப்பா சிரித்தார். எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர், யாழ்ப்பாணத்து மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். ஆனால் அத்தை சிரிக்காததால் ஒவ்வொருவராக நிறுத்தவேண்டி வந்தது.

மாமாதான் பழக்கினார். கண் மங்கினாலும் அவர் காது மங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டே, "கியர் மாத்து... கிளச்ச முழுசா அமுக்கு புள்ள... இப்ப விடு" என்பார். சமதரையில் அத்தை எலுமிச்சம்பழத்தை உருட்டுகிற மாதிரி ஓட்டினாள். மேட்டில்தான் வினை. ஏற்றத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, பின்னால் உருளாமல் எடுக்கவேண்டும். கண்டியில் லைசன் பரீட்சை வைக்கிற சிங்கள ஐயா அதற்கென்றே ஒரு வழி வைத்திருந்தார். வாவியிலிருந்து மேலே ஏறுகிற ரோட்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, இறங்கிப்போய்ப் பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு நெருப்புப்பெட்டியை வைப்பார். திரும்ப வந்து ஏறி, "ஹரி, போங்க" என்பார்; ஹரி என்றால் அவர் பாஷையில் சரி. பெட்டி நசுங்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மலை நாட்டில் மேட்டில் வண்டி எடுக்கத் தெரியாதவருக்கு லைசன் எதற்கு?

முதல் தரம் பெட்டி நசுங்கியது. இரண்டாம் தரமும் நசுங்கியது. அந்தச் சப்பளிந்த பெட்டியை ஐயா அத்தையின் கையிலேயே கொடுத்து அனுப்பினாராம். அவள் அதை அலுமாரியின் மேல் வைத்தாள், போகும்போதும் வரும்போதும் கண்ணில் படட்டும் என்று.

"ஓம், எனக்கு விளங்குது. இது நெஞ்சுப் பலவீனம்" என்று ஸ்டேஷன் மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "பிள்ளைக்கு விடியப்பறம் முட்டைக்கோப்பி அடிச்சுக் குடுங்கோ." அப்பா, கண்ணூறு என்றார். கலகெதரயில் கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் வியாபாரி எருமை மேல் கண் வைத்திருந்தார். மாமா அவருக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் தரமும் பெட்டி நசுங்கினால் அங்கேயே, வாவிக் கரையிலேயே, வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். பேச்சு முடிந்தது. மாமாவுக்கு எவ்வளவு கல்மனசு என்று எனக்கு அப்போது கோபம்.

இந்த நிலைமையில்தான் டிசம்பர் லீவுக்கு நானும் அண்ணனும் அத்தை வீட்டுக்குப் போய் இறங்கினோம். ஆஹா, என்ன லீவு அது! ஒவ்வொரு நாளும் கார்ச் சவாரி! மேகம் தரைக்கு இறங்கி வந்து, ஆள் மாதிரி ரோட்டைக் கடந்து போகிற மாதம். அத்தை ஸ்டியரிங்கில், மாமா பக்கத்தில், நாங்கள் பின்னால் 'ஹயர்'. அண்ணன்தான் பிரசவ வலிக்காரி. கம்பளியை வயிற்றில் சுருட்டி வைத்துக்கொண்டு, "ஐயோ அம்மா! சீக்கிரம் ஓட்டுங்க! தலை தெரியுது!" என்று அலறுவான்.

"எருமைக்குள்ள இன்னொரு எருமை" என்பார் மாமா.

பழகுகிற மேடு எது தெரியுமா? பாறையைக் குடைந்து அதற்குள்ளே ரோட்டை விட்டிருப்பார்களே, அந்தத் துளைக்குக் கீழே உள்ள ஏற்றம். அதற்கு முன்னால் நிறுத்தி எடுக்கவேண்டும். அத்தை ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்துவாள். மாமா சீட்டை விட்டு எழும்புகிற மாதிரி நிமிர்ந்து, "தம் பிடி புள்ள! மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஒரே தூக்கா ஏத்து!" என்று கத்துவார். அத்தையின் வாய் கோடாகிவிடும். சேலைக்குள்ளே முழங்கால் தையல் மிஷின் மாதிரி ஆடும். எஞ்சின் இருமிவிட்டுச் செத்துப்போகும். எருமை பின்னால் உருளும். உடனே வலிக்காரி வயிற்றுக் கம்பளியை எறிந்துவிட்டுக் கீழே குதித்துச் சக்கரத்துக்குக் கல்லுப் போடுவான். அது அவனுடைய இரண்டாவது உத்தியோகம்.

ஒருநாள் நல்ல மழை. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு நான்கு பேரும் உள்ளே அடைந்திருந்தோம். எங்கள் மூச்சில் கண்ணாடிகள் வெள்ளை பூத்துவிட்டன. நான் என் பக்கத்தில் விரலால் கொம்போடு ஓர் எருமை வரைந்தேன். மேட்டுக்கு வந்ததும் அத்தை சேலைத் தலைப்பால் முன் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்தாள். மாமா கத்தத் தொடங்கியதும் அவர் பக்கம் திரும்பவும் மங்கியது. அத்தையின் பக்கம் மட்டும் துடைத்தது துடைத்தபடி பளிச்சென்று இருந்தது. எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி உருண்டு, அண்ணன் கல்லுப் போட்டு, எல்லாம் அடங்கிய பிறகு அத்தை 'ஹா' என்று ஒரு பெருமூச்சு விட்டாள் பாருங்கள், அவ்வளவு கண்ணாடியும் ஒரே வெள்ளை!

"அத்தை, நீங்க மூச்சே விடல" என்றேன்.

"போடி. மூச்சு விடாம நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"இல்ல அத்தை, கண்ணாடி..."

"கண்ணாடிக்கு என்ன?"

நான் விரலால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். மாமாவும் திரும்பி என்னை ஒரு பார்வை, அதாவது நான் இருக்கிற திசையை ஒரு பார்வை, பார்த்தார். எஞ்சின் ஒரு துடிப்பு தவறினாலும் கண்டுபிடிக்கிற அந்த மனிதருக்கு, ஒரு சாண் தள்ளி இருந்த பெண்டாட்டியின் மூச்சு நின்றது கேட்கவில்லை.

அடுத்த நாள் அம்மா செய்துவைத்த பலகாரத்தை எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு நானும் அண்ணனும் கோச்சியில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். சுரங்கம் வந்தது. எஞ்சின் கூவியது. நான் மூச்சைப் பிடித்தேன். இருட்டு. எதிரே அண்ணனின் உப்பின கன்னம் தெரியவில்லை, ஆனால் இருக்கிறது என்று தெரியும். அப்போதுதான் முதன்முதலாக அந்தச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டேன். எத்தனை நூறு தரம் அந்த இருட்டுக்குள் போயிருக்கிறேன்! மூச்சைப் பிடிக்கிற மும்முரத்தில் கேட்டதே இல்லை. முன்னால் எஞ்சின் 'ஹஃப்... ஹஃப்...' என்கிறது. பின்னால் தள்ளுகிற எஞ்சின் அதற்குப் பதில் சொல்கிறது. வெளியே இருப்பதைவிடச் சுரங்கத்துக்குள்தான் பெரிதாக, முழுசாக, ஆற அமர மூச்சு விடுகிறது! ஏற்றம், இருட்டு, இத்தனை பெட்டி கனம். அது அடக்கவில்லையே! அடக்கினது நாங்கள் மட்டும்தானே! அத்தையும் எங்களை மாதிரித்தானே, சுரங்கத்துப் பிள்ளை! பயம் வந்தால் வாயை மூடிக்கொள்ளப் பழகினவள்!

"அண்ணே! அத்தை மேட்டுல சுரங்கத்துக்குள்ள இருக்கா!" என்று கத்திவிட்டேன்.

கத்தினால் மூச்சுப் போகுமா இல்லையா? வெளிச்சம் வருவதற்கு முன்னாலேயே அண்ணனின் குரல்: "புகை குடிச்சவ! புகை குடிச்சவ!" பெட்டி முழுக்க அதையே பாடியது. என் வாய்க்குள் கரி. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கடுகண்ணாவையில் இறங்கி ஓடினேன், பலகாரப் பெட்டியை அண்ணன் தூக்கி வரட்டும் என்று.

அத்தை குசினியில் ஊதாங்குழலை வைத்து அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன். எஞ்சின், இருட்டு, கண்ணாடி, வெள்ளை. அவள் குழலை வாயிலிருந்து எடுக்காமலே கேட்டாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த விளையாட்ட நான் எதுக்குத் தொடங்கினேன்னு தெரியுமாடி? எனக்கு இருட்டுன்னா பயம். பயந்தா அழுவேன். உங்கப்பா கேலி பண்ணுவாரு. மூச்சப் பிடிச்சுக்கிட்டா அழுகை வராது. அத மறைக்கத்தான் எல்லாரையும் பிடிக்கச் சொன்னேன்."

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் தலைமுறையாகக் கன்னம் உப்பியது ஒரு சின்னப் பெண் அழாமல் இருப்பதற்கா! எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தைக்கும் வந்தது. சிரித்துவிட்டு மறுபடி குழலை எடுத்து ஊதினாள். நீளமாக, ஒரே சீராக. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அத்தை, இப்ப ஊதுறீங்களே, இதையே மேட்டுல ஊதினா என்ன?"

அவ்வளவுதான், பயிற்சி தொடங்கிவிட்டது! குசினியில் ஒரு கதிரை, அதுதான் டிரைவர் சீட். தகரத் தட்டு ஸ்டியரிங். காலுக்கு ஒரு செங்கல் கிளச். எதிரே அடுப்பு. மூக்கால் கொஞ்சமாக இழுத்து, குழலால் நீளமாக விடவேண்டும். சாம்பல் பறந்தால் தோல்வி. கனல் மட்டும் சீராகச் சிவக்கவேண்டும். ஊதுகிற நேரமெல்லாம் செங்கலிலிருந்து காலை மெல்ல மெல்ல எடுக்கவேண்டும். அண்ணன் பரீட்சை ஐயா. மாமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு, அந்த ஐயா அம்மாமாரைக் கூப்பிடுகிற 'நோனா'வோடு காதுக்குள் கத்துவான்: "நோனா! பின்னால பஸ் வருது! நோனா! பள்ளம் இருக்கு!" முதலில் சாம்பல் எங்கள் தலையெல்லாம். அத்தை இருமி, கண் எரிந்து, "எருமைக்கு முன்னாடி நான் போய்ச் சேந்துருவேன் போல" என்றாள். ஆனால் விடவில்லை. சோறு வடிக்கும்போதும் ஊதினாள், துணி காயப்போடும்போதும் உதட்டைக் குவித்துக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன அக்கா, பாட்டா?" என்று கேட்டாள். மாமா குசினி வாசலில் நின்று, "உள்ள என்ன புள்ள பள்ளிக்கூடம் நடக்குது?" என்றார். "அடுப்பு புகையுது" என்றாள் அத்தை.

நாலைந்து நாள் கழித்து மேட்டுக்குப் போனோம். நிறுத்தினாள். மாமா வழக்கம்போல நிமிர்ந்து, "தம் பிடி..." என்று தொடங்குவதற்குள் அத்தை உதட்டைக் குவித்தாள். கண்ணாடியில் சின்னதாக வட்டமாக ஒரு வெள்ளை பூத்தது. பெரிதாகியது. முழங்கால் ஆடவில்லை! எஞ்சின் இறங்கின குரலில் ஒரு முக்கு முக்கியது. எருமை அசையாமல் நின்று, பிறகு முன்னால், ஆமாம், முன்னால், நடக்கத் தொடங்கியது. கல்லோடு குதிக்கத் தயாராக இருந்த அண்ணன் கதவில் தொங்கிக்கொண்டே வந்தான். நாங்கள் போட்ட கூச்சலில் துளைக்குள் இருந்த வௌவால்கள் பறந்தன.

மாமா தலையைச் சாய்த்துக் கேட்டார். "இப்ப என்ன பண்ணின?"

"ஊதினேன்."

"என்னத்த?"

"எருமைய."

ஆனால் இவ்வளவு லேசில் முடிந்திருந்தால் நான் ஏன் சொல்கிறேன்? பரீட்சைக்கு முதல் நாள் கலகெதர வியாபாரி வண்டியைப் பார்க்க வந்தார். நல்ல மனிதர், ஏலக்காய் போட்ட வெற்றிலை மணக்கும். "தங்கச்சி, சொல்றேன்னு கோவிக்காதீங்க. இது ஆம்புளத் தோளுக்குச் செஞ்ச வாகனம். நாளைக்கு மனசுல ஒண்ணும் வச்சுக்கப்படாது" என்றார். ஓட்டிக் காட்டச் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அத்தையின் வாய் மறுபடி கோடாகியது. எருமை உருண்டது. அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அது அவருடைய மரியாதை. அதுதான் அத்தையை இன்னும் சுட்டது. அடுப்புக்கு முன்னால் பழகினது வேறு, ஆள் பார்க்கும்போது வருவது வேறு.

அன்றைக்குச் சாயந்தரம் அத்தை அடுப்புப் பக்கமே போகவில்லை. கொட்டிலுக்குப் போய் எருமைக்குள் ஏறி, ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தாள். ரோட்டால் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துப் பார்த்து ஊதினாள். ஒருவர் அவளுக்குப் பைத்தியம் என்றார். அவரையும் பார்த்து ஊதினாள்.

மறுநாள் கண்டி. வாவித் தண்ணீரில் வெயில் சில்லறை இறைத்த மாதிரி. மாமாவும் நாங்கள் இருவரும் மேட்டு ரோட்டின் ஓரமாக மதிலோடு நின்றோம். எதிர்ப் பக்கம் வியாபாரியும், வண்டியை ஓட்டிக்கொண்டு போக அவர் கூட்டிவந்த டிரைவரும். எருமை ஏறி வந்து நடுவில் நின்றது. ஐயா இறங்கினார். சட்டைப் பையிலிருந்து நெருப்புப்பெட்டியை எடுத்தார். சக்கரத்துக்கு அடியில் வைத்தார். போய் ஏறிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ஒரு பஸ் வந்து பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. கொண்டக்டர் தலையை நீட்டி ஏதோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

"என்ன பண்றா? என்ன பண்றா?" என்று மாமா என் தோளை உலுக்கினார். அவர் கண்ணுக்கு அங்கே ஒரு கறுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"சும்மா இருக்கா மாமா."

"வாய்? வாய் எப்படி இருக்கு?"

அவருக்கு எப்படித் தெரியும்? குசினி ரகசியம் அத்தனையும் அவர் காதுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது! நான் அவரை அண்ணாந்து பார்த்தேன். முகம் கத்தரிக்காய் நிறம். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, எங்கள் கோச்சிப் பெட்டியில் உட்காரவேண்டிய மூஞ்சி!

"மாமா, நீங்க மூச்சு விடுங்க!" என்று அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். 'பூ' என்று விட்டார்.

அதே நேரம் அத்தை திரும்பி, சிரிக்கிற பஸ்ஸை ஒரு தரம் பார்த்தாள். முன்னால் திரும்பினாள். உதடு குவிந்தது.

"குவிச்சிட்டா! மாமா, குவிச்சிட்டா!"

எருமையின் குரல் இறங்கியது. சக்கரம் பின்னால் ஒரு மயிரிழை... இல்லை. நின்றது. பிறகு, ஐயோ அதை எப்படிச் சொல்வேன், அந்தக் கறுப்புப் பாரம் முழுக்க ஒரு பூனை எழும்புகிற மாதிரி எழும்பி முன்னால் போனது! ரோட்டில் நெருப்புப்பெட்டி வெயிலில் தனியாகக் கிடந்தது. நாலு மூலையும் சரியாக. கொண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் தட்டி விசில் அடித்தான். அண்ணன் சந்தோஷத்தில் ரோட்டில் உருண்டான்.

ஐயா இறங்கி நடந்து வந்து பெட்டியை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தார். குச்சிகள் கலகலத்தன. "நோனா, ஏன் விசில் அடிக்கிறது வண்டியில?" என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"விசில் இல்லைங்க ஐயா. அடுப்பு ஊதினேன்."

அவர் ஒரு சிகரெட்டை எடுத்து அதே பெட்டியில் ஒரு குச்சி கிழித்துப் பற்றவைத்துக்கொண்டு, பெட்டியை அத்தையிடம் நீட்டினார். "அப்ப இத வீட்டுக்குக் கொண்டுபோங்க. அடுப்புக்கு."

வியாபாரி வந்தார். "தங்கச்சி, கொண்டுபோக வந்த நான் வெறுங்கையோட எப்படிப் போறது? கலகெதர பஸ் எடுக்கிற இடம் வரைக்கும் என்னைக் கொண்டுபோய் விடுங்க" என்று ஏறிக்கொண்டார். வழி முழுக்க முன் சீட்டின் விளிம்பை அவர் பிடித்திருந்த பிடி எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அந்தப் பெட்டி எத்தனையோ வருஷம் அலுமாரியில் இருந்தது. வீடு மாறியபோது எங்கே போயிற்றோ. காஸ் அடுப்பு வந்த பிறகு ஊதாங்குழலும் போயிற்று. நெஞ்சுப் பலவீனம் என்று முட்டைக்கோப்பி எழுதிக்கொடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் கடைசிவரை தன் கோப்பியால்தான் அத்தை பாஸ் பண்ணினாள் என்று நம்பினார். மாமாவைக் கல்மனசு என்று நினைத்தேனே, அது எவ்வளவு மடத்தனம் என்று என் வீட்டுக்காரர் படுக்கையில் கிடந்த காலத்தில்தான் எனக்கு விளங்கியது. அத்தையின் காலை மாமா பார்க்கவில்லை, பிரேக்கையும் பார்க்கவில்லை. வண்டி பள்ளத்தை நோக்கிப் பின்னால் உருளுகிற சத்தத்தை மட்டும்தான் ஒவ்வொரு நாளும் கேட்டார். அதிலிருந்து அவளை இறக்கிவிட அவருக்குத் தெரிந்த ஒரே வழி வண்டியை விற்பதுதான். 'தம் பிடி' என்று கத்தினாரே, அதுவும் அவருக்குத் தெரிந்த ஒரே தைரியம்.

முதல் ஹயர், பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்தின வாரம் வந்தது. விடிந்து சற்று நேரம், கொட்டுகிற மழை. பள்ளத்து வீடுகளிலிருந்து ஓர் ஆள் ஓடி வந்தான். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது, தாயும் சுகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பதறவேண்டாம். அத்தை ஸ்டியரிங்குக்குப் போய்விட்டதால் பின் சீட்டில் கை பிடிக்க ஆள் இல்லை. "ஏறுடி" என்றாள் என்னைப் பார்த்து. நான்! கம்பளியை விரித்து, அந்த அக்காவுக்கு ஒரு பக்கம் அவள் மாமியார், மறு பக்கம் நான். என் விரல்கள் அவள் பிடியில் ஒடிந்தன. மாமா வழக்கம்போல முன்னால்.

ஏற்றம் தொடங்கியதும் அவளுக்கு வலி எடுத்தது. வாய் கோடாகியது. மாமியார், "மூச்சப் பிடிச்சுக்க தாயி, பிடிச்சுக்க" என்றாள்.

"பிடிக்காத!" என்று முன்னாலிருந்து அத்தை கத்தினாள். "விடு! என்கூட ஊது! அடுப்பு ஊதுற மாதிரி!"

அவள் ஊதினாள். நானும் ஊதினேன். என்ன ஏதென்று தெரியாமல் மாமியாரும் ஊதினாள். முன்னால் அத்தை ஊத, எருமை முக்க, மழை அடிக்க, உள்ளே இருந்த கண்ணாடி அத்தனையும் வெள்ளையாகியது.

"துளை வந்திருச்சா?" என்று மாமா கேட்டார்.

எங்கள் நாலு பேருக்கும் வாய் ஒழியவில்லை. அவர் காதைச் சாய்த்து எங்கள் ஊதலைக் கேட்டார். பிறகு தோளிலிருந்த துவாயை உருவி, முன்னால் எட்டிக் குனிந்து, தன் கண்ணுக்குத் தெரியாத ரோட்டை அத்தைக்காகத் துடைக்கத் தொடங்கினார்.